முதுமை ஆராய்ச்சிச் சங்கங்களில் சேர்வது எப்படி: படிவம் முதல் போஸ்டர் வரை

முதுமையை ஆராய்பவர் பெரும்பாலும் தம் துறையில் தனியாள். பெரிய உயிரியல் துறையில்கூட உயிரணுக்கள் மூப்படைவதைப் பார்ப்பவர் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். சமூகவியலில் முதியோரின் தனிமையைப் படிப்பவர் ஒருவர் கிடைத்தாலே பெரிது. பக்கத்து அறையில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லாத இந்த நிலைக்கு மருந்தாகத்தான் முதுமை ஆராய்ச்சிச் சங்கங்கள் உருவாயின. ஆனால் சந்தா கட்டிவிட்டு மின்னஞ்சல் வரும் என்று காத்திருப்பவருக்கு அவை எதையும் தருவதில்லை. சங்கம் என்பது ஓர் ஆண்டுக் காலண்டர். எந்த மாதம் எது திறக்கிறது, எது மூடுகிறது என்று தெரிந்து வைத்திருப்பவருக்கே அது பயன்படும். முதல் முறை சேரும் மாணவர், மருத்துவர், செவிலியர், சமூகப் பணியாளர் எல்லோருக்கும் அந்தக் காலண்டரைப் படிக்கக் கற்றுக்கொடுப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

படி 1: உங்கள் கேள்வி எந்த வீட்டைச் சேர்ந்தது?

இரண்டு சொற்களைப் பிரித்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும். 1903-இல் ஏலி மெச்னிகாஃப் 'ஜெரன்டாலஜி' என்ற சொல்லைக் கொண்டுவந்தார். மூப்பு எப்படி, ஏன் நிகழ்கிறது என்று ஆராயும் முதுமையியல் அது. 1909-இல் இக்னாட்ஸ் நாஷர் தந்த சொல் 'ஜீரியாட்ரிக்ஸ்'. அது முதியவர்களுக்கு வரும் நோய்களைப் பார்க்கும் மருத்துவம். சங்கங்களும் ஏறக்குறைய இந்தக் கோட்டை ஒட்டியே பிரிந்து நிற்கின்றன.

எல்லாத் துறையினரும் கூடும் பெரிய வீடு, 1945-இல் தொடங்கிய ஜெரன்டலாஜிக்கல் சொசைட்டி ஆஃப் அமெரிக்கா. சுருக்கமாக ஜி.எஸ்.ஏ. உயிரியல், மருத்துவம், உளவியல், சமூகவியல், கொள்கை ஆய்வு என்று தனித்தனிப் பிரிவுகள் அதற்குள் இருக்கின்றன. கனடாவிலும் (1971) ஆஸ்திரேலியாவிலும் (1964) இதே மாதிரியான பல்துறைச் சங்கங்கள் உண்டு. பிரிட்டனில் மட்டும் மூன்று தனி வீடுகள். மூப்பின் உயிரியலுக்கு பிரிட்டிஷ் சொசைட்டி ஃபார் ரிசர்ச் ஆன் ஏஜிங். இதன் வேர் 1939-இல் விளாடிமிர் கொரென்செவ்ஸ்கி தொடங்கிய ஆய்வுக் குழுவில் இருக்கிறது. மருத்துவத்துக்கு 1947-இல் தோன்றிய பிரிட்டிஷ் ஜீரியாட்ரிக்ஸ் சொசைட்டி. சமூக ஆய்வுக்கு 1971-இல் தோன்றிய பிரிட்டிஷ் சொசைட்டி ஆஃப் ஜெரன்டாலஜி. பெயர்கள் மூன்றும் ஒன்றுபோல ஒலிப்பதால் தவறான இடத்தில் விண்ணப்பிப்பவர்கள் உண்டு. கவனமாகப் படியுங்கள்.

உயிரணு, எலி, ஈ, புழு என்று வேலை செய்பவர்களுக்கு அமெரிக்கன் ஏஜிங் அசோசியேஷன் நெருக்கமான இடம். கட்டற்ற தனியுறுப்புகளே (ஃப்ரீ ராடிக்கல் எனப்படும், எளிதில் வினைபுரியும் மூலக்கூறுகள்) மூப்புக்குக் காரணம் என்ற கோட்பாட்டை 1956-இல் முன்வைத்த டென்ஹம் ஹார்மன்தான் 1970-இல் இதைத் தொடங்கினார். 'ஜெரோசயின்ஸ்' என்ற ஆய்விதழ் இதனுடையது. மருத்துவர்களுக்கு 1942-இல் தோன்றிய அமெரிக்கன் ஜீரியாட்ரிக்ஸ் சொசைட்டி இருக்கிறது. முதியவர்களுக்கு எந்த மருந்துகளைத் தவிர்க்க வேண்டும் என்று சொல்லும் பியர்ஸ் பட்டியலை இன்று புதுப்பித்து வெளியிடுவது இந்தச் சங்கம்தான். 2023-இலும் ஒரு பதிப்பு வந்தது. மனநலமும் மறதி நோயும் உங்கள் பொருள் என்றால், 1982-இல் உருவான சர்வதேச சைக்கோஜீரியாட்ரிக் அசோசியேஷனைப் பாருங்கள்.

இவற்றுக்கெல்லாம் மேலே ஒரு குடை இருக்கிறது. 1950-இல் பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் உருவான சர்வதேச முதுமையியல், முதியோர் மருத்துவக் கூட்டமைப்பு அது. ஐ.ஏ.ஜி.ஜி. என்று சொல்வார்கள். நாடுகளின் சங்கங்களே அதன் உறுப்பினர்கள். தனி ஆளாக அங்கே படிவம் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். உங்கள் நாட்டுச் சங்கத்தில் சேர்ந்தால் அந்தக் குடைக்குள் வந்துவிடுவீர்கள். அதன் உறுப்புச் சங்கங்களின் பட்டியல், உங்கள் நாட்டில் உண்மையான சங்கம் எது என்று கண்டுபிடிக்க நல்ல கருவி.

இன்னும் முடிவெடுக்க முடியவில்லையா? உங்கள் ஆய்வுக்கு மிக நெருக்கமான 5 கட்டுரைகளை மேசையில் வையுங்கள். ஒவ்வொன்றும் எந்த ஆய்விதழில் வந்தது, அந்த இதழ் எந்தச் சங்கத்துக்கு உரியது என்று குறித்துக்கொள்ளுங்கள். 'ஏஜ் அண்ட் ஏஜிங்' என்றால் பிரிட்டிஷ் ஜீரியாட்ரிக்ஸ் சொசைட்டி. 'தி ஜெரன்டாலஜிஸ்ட்' அல்லது 'ஜர்னல்ஸ் ஆஃப் ஜெரன்டாலஜி' என்றால் ஜி.எஸ்.ஏ. பிறகு அந்தக் கட்டுரைகளை எழுதியவர்கள் கடந்த இரண்டு ஆண்டுகளில் எந்த மாநாட்டில் பேசினார்கள் என்று நிகழ்ச்சி நிரல்களில் தேடுங்கள். ஐந்தில் மூன்று ஒரே இடத்தைக் காட்டினால் அதுவே உங்கள் சங்கம். தேடும்போது 'ஏஜிங்' என்ற சொல்லை அமெரிக்க முறையிலும், நடுவில் 'ஈ' எழுத்து சேர்த்து பிரிட்டிஷ் முறையிலும் இரண்டு தடவை தேடுங்கள். ஒரு முறையில் மட்டும் தேடினால் அட்லாண்டிக்கின் ஒரு கரை முழுவதும் கண்ணில் படாமல் போகும்.

முதல் ஆண்டில் ஒரே ஒரு சங்கம் போதும். மூன்றில் சேர்ந்து மூன்றிலும் எதுவும் செய்யாமல் இருப்பதைவிட, ஒன்றில் உங்கள் முகம் தெரிவது மேல்.

படி 2: படிவம்

படிவத்தை நிரப்ப 20 நிமிடம் போதும், முன்னேற்பாடு இருந்தால். ஆர்க்கிட் எண் என்னும் 16 இலக்க ஆய்வாளர் அடையாள எண்ணை முதலில் வாங்கிவிடுங்கள். அது இலவசம். பெயரை ஒரே வடிவில் எழுத முடிவு செய்துகொள்ளுங்கள். தந்தை பெயரை முதலெழுத்தாகப் போடும் தமிழர்களுக்கு இது பெரிய சிக்கல். படிவத்தில் 'குடும்பப் பெயர்' கேட்கும் இடத்தில் ஒரு முறை தந்தை பெயர், மறுமுறை உங்கள் பெயர் என்று மாற்றி மாற்றி எழுதினால், பின்னாளில் மாநாடுகளுக்கு நீங்கள் அனுப்பும் ஆய்வுச் சுருக்கங்கள் இரண்டு வெவ்வேறு ஆட்களுடையவை போலத் தேடலில் கிடைக்கும். கடவுச்சீட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே போடுவது நல்லது. விசா அழைப்புக் கடிதத்துக்கும் அதே பெயர்தான் வேண்டும்.

உறுப்பினர் வகையைப் பொறுத்துச் சந்தா பல மடங்கு மாறும். மாணவர், பயிற்சி மருத்துவர், பணியின் தொடக்கத்தில் இருப்பவர், ஓய்வு பெற்றவர் என்று தனித்தனி விகிதம் இருக்கும். மாணவர் விகிதத்துக்குத் துறைத்தலைவரின் கடிதமோ அடையாள அட்டையின் நகலோ கேட்பார்கள். வருமானம் குறைந்த நாடுகளுக்குச் சலுகை தரும் சங்கங்களும் உண்டு. அவை பெரும்பாலும் உலக வங்கியின் வருமானப் பட்டியலை வைத்தே முடிவு செய்கின்றன. நீங்கள் வேலை செய்யும் நாடா, குடியுரிமை உள்ள நாடா, எது கணக்கு என்று விதியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சேரும் மாதமும் முக்கியம். சில சங்கங்களில் உறுப்பினர் காலம் சேர்ந்த நாளிலிருந்து 12 மாதம். சிலவற்றில் டிசம்பர் 31-உடன் முடிந்துவிடும். இரண்டாவது வகையில் அக்டோபரில் முழுச் சந்தா கட்டினால் மூன்று மாதத்துக்கு ஓர் ஆண்டுப் பணம் கொடுத்தவர் ஆவீர்கள். அடுத்த ஆண்டையும் சேர்த்துத் தருகிறார்களா என்று அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதிக் கேளுங்கள். கேட்டால் பதில் வரும்.

படிவத்தில் 'பிரிவு' என்று ஒரு கட்டம் இருக்கும். அதை அலட்சியமாகக் கடந்துவிடாதீர்கள். உங்கள் ஆய்வுச் சுருக்கத்தை யார் மதிப்பிடுவார்கள், எந்தப் பரிசுக்குத் தகுதி, எந்தத் தேர்தலில் வாக்கு என்பவற்றையெல்லாம் பல சங்கங்களில் அதுவே முடிவு செய்கிறது. ஜி.எஸ்.ஏ.-வில் மாணவர்களுக்கும் புதியவர்களுக்கும் எஸ்போ என்ற தனி அமைப்பே இருக்கிறது. வழிகாட்டிகளைத் தேட அங்கிருந்து தொடங்குவது எளிது.

படி 3: காலண்டர்

சேர்ந்த அன்றே ஐந்து தேதிகளைத் தேடிக் குறியுங்கள்: ஆய்வுச் சுருக்கம் கொடுக்கக் கடைசி நாள், பயண உதவித்தொகைக்குக் கடைசி நாள், குறைந்த கட்டணப் பதிவு முடியும் நாள், மாநாடு தொடங்கும் நாள், சந்தா முடியும் நாள். ஜி.எஸ்.ஏ. மாநாடு நவம்பரில் கூடுகிறது. அதற்கான சுருக்கங்களை ஆண்டின் தொடக்க மாதங்களிலேயே வாங்கி முடித்துவிடுவார்கள். அமெரிக்கன் ஜீரியாட்ரிக்ஸ் சொசைட்டி மே மாதத்தை ஒட்டிக் கூடுவதால் அதற்கான வேலை முந்தைய ஆண்டின் இறுதியிலேயே தொடங்கிவிடும். ஐ.ஏ.ஜி.ஜி. உலக மாநாடு நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை. பொதுவாக, மாநாட்டுக்கும் சுருக்கத்தின் கடைசி நாளுக்கும் இடையே 6 முதல் 9 மாதம் என்று வைத்துக்கொள்ளலாம். மாநாடு பற்றிய பேச்சு காதில் விழும் நேரத்தில் கதவு மூடியிருக்கும். புதியவர்கள் ஓர் ஆண்டை இழப்பது பெரும்பாலும் இந்த ஒரு காரணத்தால்தான்.

கடைசி நாளில் 'இரவு 11:59' என்று இருந்தால் எந்த ஊர் நேரம் என்று பாருங்கள். பெரும்பாலும் சங்க அலுவலகம் இருக்கும் ஊரின் நேரமாக இருக்கும். அதை நம்பிக் கடைசி மணி வரை காத்திருக்காதீர்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் நுழைவதால் இணையதளம் திணறும். இன்னொரு கண்ணியும் உண்டு. பல இணையப் படிவங்களில் உடன் ஆசிரியர்கள் ஒவ்வொருவரும் தம் நிதித் தொடர்புகளைத் தாமே உள்ளே வந்து அறிவிக்க வேண்டும். ஒருவர் செய்யாவிட்டாலும் சுருக்கம் 'முற்றுப்பெறாதது' என்றே கிடக்கும். ஆகவே 10 நாள் முன்னதாகவே ஆசிரியர் பெயர்களைப் பதிவு செய்து, எல்லோருக்கும் இணைப்பு போய்விட்டதா என்று உறுதி செய்யுங்கள். உரையைக் கடைசி நாள் வரை திருத்தலாம்.

படி 4: ஆய்வுச் சுருக்கம்

அப்ஸ்ட்ராக்ட் என்று எல்லோரும் சொல்லும் இந்தச் சின்னப் பத்திதான் முழு வாசல். வழக்கமான வரம்பு 250 ஆங்கிலச் சொற்கள். பின்னணிக்கு 40, முறைக்கு 70, கண்டதற்கு 100, பொருளுக்கு 40 என்று பிரித்துக்கொண்டால் தவறாது. புதியவர்கள் பின்னணிக்கு 120 சொற்களைச் செலவழித்துவிட்டு முடிவுக்கு இடமில்லாமல் நிற்கிறார்கள்.

கற்பனையான ஓர் ஆய்வை எடுத்துக்கொள்வோம். முதல் வரைவு இப்படி வரும்:

"உலகெங்கும் முதியோர் எண்ணிக்கை பெருகி வருகிறது. தூக்கமின்மை அவர்களிடையே பெரும் பிரச்சினை. இந்த ஆய்வில் தூக்கத்துக்கும் நடைவேகத்துக்கும் உள்ள தொடர்பு ஆராயப்பட்டது. முடிவுகள் மாநாட்டில் விவாதிக்கப்படும்."

முதல் வாக்கியத்தை மதிப்பீட்டாளர் அன்றே நூறு தடவை படித்திருப்பார். எந்த வயது, எத்தனை பேர், எப்படி அளந்தார்கள் என்பது எதுவும் இல்லை. கடைசி வாக்கியம் ஒன்றே நிராகரிப்புக்குப் போதும். பல சங்கங்கள் அப்படி எழுதக் கூடாது என்று விதியிலேயே சொல்லிவிடுகின்றன. அதையே இப்படி மாற்றலாம், எண்களும் கற்பனையே:

"தம் வீட்டில் பிறர் உதவியின்றி வாழும் 70 முதல் 85 வயதுள்ள 212 பேரிடம், மணிக்கட்டுக் கருவியால் 7 இரவுகளின் தூக்கமும், 4 மீட்டர் தூரத்தில் வழக்கமான நடைவேகமும் அளக்கப்பட்டன. இரவில் 6 மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களின் வேகம் மற்றவர்களைவிட நொடிக்கு 0.08 மீட்டர் குறைவு. மனச்சோர்வு மதிப்பெண்ணைக் கணக்கில் சேர்த்தபோது வேறுபாடு 0.04 ஆகச் சுருங்கியது."

நடைவேகத்தில் நொடிக்கு 0.05 மீட்டர் மாற்றம் சிறியது ஆனாலும் பொருளுள்ளது, 0.1 மீட்டர் கணிசமானது என்ற அளவுகோல் இத்துறையில் நிலைத்துவிட்டது. அது தெரிந்த மதிப்பீட்டாளர் 0.04 என்ற எண்ணைப் பார்த்ததும், இவர் தம் முடிவு மெலிந்ததை மறைக்கவில்லை என்று புரிந்துகொள்வார். அந்த நேர்மைக்கு மதிப்பெண் உண்டு.

முதுமை ஆய்வுக்கே உரிய சில தவறுகள் இருக்கின்றன. வேறு துறைகளிலிருந்து வருபவர்கள் இவற்றில்தான் சறுக்குகிறார்கள்.

எலி ஆய்வில் 2 மாத எலியையும் 24 மாத எலியையும் ஒப்பிடுவது முதல் தவறு. 2 மாத எலி இன்னும் வளர்ந்து முடியவில்லை. நீங்கள் காணும் வேறுபாட்டில் எவ்வளவு வளர்ச்சி, எவ்வளவு மூப்பு என்று பிரிக்கவே முடியாது. ஆய்வகங்களில் பரவலாகப் பயன்படும் கருப்பு எலி வகையில் 3 முதல் 6 மாதம் முதிர்ந்த பருவம், 10 முதல் 14 நடு வயது, 18 முதல் 24 முதுமை. நடு வயதையும் சேர்த்து மூன்று புள்ளிகளாக அளந்தால், மாற்றம் படிப்படியாக வருகிறதா, கடைசியில் சரிகிறதா என்று தெரியும். ஆணா பெண்ணா என்பதையும் எழுதுங்கள். ஒரு பாலில் ஆயுளை நீட்டிய பொருள் மறுபாலில் வேலை செய்யாமல் போனது பல தடவை நடந்திருக்கிறது.

மனித ஆய்வில் 30 வயதினரையும் 75 வயதினரையும் ஒரே நாளில் அளந்துவிட்டு 'வயதாக ஆகக் குறைகிறது' என்று எழுதுவது அடுத்தது. அந்த 75 வயதினர் வேறு காலத்தில் பிறந்து, வேறு உணவு உண்டு, வேறு பள்ளி வாழ்க்கை கண்டவர்கள். தலைமுறை வேறுபாடு அதில் கலந்திருக்கிறது. 'வயதுக் குழுக்களுக்கு இடையே வேறுபாடு' என்று எழுதினால் யாரும் குறை சொல்ல முடியாது. ஆண்டுக்கணக்கில் ஒரே ஆட்களைப் பின்தொடரும் ஆய்வு என்றால், இடையில் விலகியவர் எத்தனை பேர், இறந்தவர் எத்தனை பேர் என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். நலமாக இருப்பவர்களே கடைசிவரை வருவார்கள். அதனால் முதுமை உண்மையைவிட இலகுவாகத் தெரியும்.

'65 வயதுக்கு மேல்' என்று ஒரே மூட்டையாகக் கட்டுவதும் வேண்டாம். 66 வயதுக்காரருக்கும் 93 வயதுக்காரருக்கும் இடையே ஒரு முழுத் தலைமுறை இருக்கிறது. உடல் நலிவை அளந்தேன் என்றால் எந்தக் கருவி என்று சொல்ல வேண்டும். 2001-இல் லிண்டா ஃபிரைடு குழு தந்த ஐந்து அறிகுறிகளில் மூன்று இருந்தால் நலிவு என்று எண்ணும் முறை வேறு. குறைபாடுகளைக் கூட்டி விகிதம் எடுக்கும், ராக்வுட் என்ற ஆய்வாளரின் முறை வேறு. ஒரே ஆள் ஒன்றில் நலிந்தவராகவும் மற்றதில் நலியாதவராகவும் வரலாம்.

சொல் தேர்விலும் கவனம் வேண்டும். 'எல்டர்லி' என்ற ஆங்கிலச் சொல்லை இத்துறையின் முன்னணி இதழ்கள் விலக்கிவிட்டன. 'ஓல்டர் அடல்ட்ஸ்' என்று எழுதி, பக்கத்தில் வயது வரம்பைத் தருவதே முறை. 'முதுமை என்னும் சுனாமி' போன்ற உவமைகளையும் விட்டுவிடுங்கள். முதியவர்களைப் பேரிடராகப் பேசும் மொழியை மாற்ற இந்தச் சங்கங்களே பல ஆண்டுகளாக உழைத்து வருகின்றன.

ஒன்றை மறக்க வேண்டாம்: ஏற்கப்பட்ட சுருக்கங்களைச் சங்கத்தின் இதழில் சிறப்பிணைப்பாக அச்சிடுகிறார்கள். அது பொது வெளியீடு. காப்புரிமை பெற நினைக்கும் கண்டுபிடிப்பு என்றால், அனுப்புவதற்கு முன்பே உங்கள் நிறுவனத்தின் காப்புரிமைப் பிரிவில் பேசிவிடுங்கள். பிறகு பேசினால் பல நாடுகளில் 'புதுமை' என்ற தகுதி போயிருக்கும்.

படி 5: போஸ்டர்

சுருக்கம் ஏற்கப்பட்டால் மேடைப் பேச்சோ போஸ்டரோ தருவார்கள். போஸ்டர் என்பது ஆய்வை ஒரே பெரிய தாளில் அச்சடித்துப் பலகையில் மாட்டி, அருகில் நின்று விளக்குவது. முதல் முறை போஸ்டர் கிடைத்தால் வருந்தாதீர்கள். மேடையில் 10 நிமிடம் பேசிவிட்டு இறங்குவதைவிட, ஒரு மணி நேரம் ஒரே இடத்தில் நின்று பத்துப் பேரிடம் பேசுவது புதியவருக்கு அதிகம் தரும்.

அளவை அச்சகத்தில் கேட்காதீர்கள். மாநாட்டின் வழிமுறையில் பாருங்கள். ஏ0 என்றால் 841 × 1189 மில்லிமீட்டர், பல ஐரோப்பிய மாநாடுகளில் நிமிர்ந்த வடிவில். வட அமெரிக்காவில் அகலமான படுக்கை வடிவப் பலகைகளே அதிகம். நிமிர்ந்த போஸ்டரை அங்கே மாட்டினால் நடுவில் ஒரு கோடுபோல நிற்கும். படுக்கை வடிவத்தை ஏ0 பலகையில் மாட்டினால் இரு பக்கமும் தொங்கும். துணியில் அச்சடித்தால் மடித்துப் பெட்டியில் வைக்கலாம், விமானத்தில் குழாயைத் தூக்கித் திரிய வேண்டாம். கோப்பின் நகலை மின்னஞ்சலிலும் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி தொலைந்தால் அங்கேயே அச்சடிக்கலாம்.

தலைப்பு 85 புள்ளி எழுத்து, உட்தலைப்புகள் 40, உடல் உரை 28-க்குக் குறையாமல். மொத்தம் 400 சொற்களுக்குள் நிறுத்துங்கள். இந்தத் துறையின் மாநாட்டில் இன்னொரு நியாயமும் உண்டு: படிக்க வருபவர்களில் வயதானவர்கள் பலர். வயதாகும்போது கண்ணின் வில்லை மஞ்சளாகிறது. நீலத்தையும் பச்சையையும் பிரித்தறிவது கடினமாகும், மங்கிய எழுத்து எளிதில் கண்ணுக்குப் பிடிபடாது. வெள்ளைப் பின்னணியில் கருப்பு எழுத்து, வரைபடத்தில் நிறத்தோடு கோட்டின் வடிவத்தையும் மாற்றுவது என்று இரண்டையும் செய்தால் போதும். முதுமையை ஆராய்பவரின் போஸ்டரை முதியவர் படிக்க முடியாமல் போகக் கூடாது.

பேச்சை இரண்டாகத் தயார் செய்யுங்கள். 30 நொடியில் ஒன்று: கேள்வி, கண்டது, அவ்வளவுதான். வந்தவர் நகராமல் நின்றால் 2 நிமிடப் பேச்சு. அதற்கு மேல் நீங்கள் கேளுங்கள், அவர் பேசட்டும். கேட்டதைக் குறிக்க ஒரு சிறு நோட்டு கையில் இருக்கட்டும். மாலையில் எதுவும் நினைவிருக்காது.

படி 6: மாநாட்டு நாட்கள்

பெரிய மாநாட்டில் ஒரே நேரத்தில் பல அரங்குகளில் அமர்வுகள் நடக்கும். ஒரு நாளைக்கு மூன்று அல்லது நான்கு போதும், ஓர் அரங்கிலிருந்து அடுத்ததற்கு நடக்கவே பத்து நிமிடம் பிடிக்கலாம். புதியவர் தவறவிடும் ஓர் அமர்வு உண்டு: உங்கள் பிரிவின் நிர்வாகக் கூட்டம். பெயரைப் பார்த்தாலே சலிப்பாக இருக்கும். ஆனால் அறையில் குறைந்த பேரே இருப்பார்கள், அவர்களில் பலர் உங்கள் மேசையில் இருக்கும் கட்டுரைகளை எழுதியவர்கள். எந்தக் குழுவுக்கு ஆள் தேவை என்பதும் அங்கேதான் வெளியே வரும்.

சந்திக்க வேண்டிய ஐந்து பேருக்கு 2 அல்லது 3 வாரம் முன்பே எழுதுங்கள். நீளமான அறிமுகம் வேண்டாம். இவ்வளவு போதும்:

"உங்கள் நடைவேகக் கட்டுரையில் ஊன்றுகோல் பயன்படுத்தியவர்களைச் சேர்த்தீர்களா, விலக்கினீர்களா என்று அறிய விரும்புகிறேன், என் தரவில் அதே சிக்கல் வந்திருக்கிறது. என் போஸ்டர் வியாழன் காலை அமர்வில் இருக்கிறது. அங்கேயோ தேநீர் இடைவேளையிலோ 10 நிமிடம் பேச முடியுமா?"

குறிப்பான ஒரு கேள்வி இருப்பதால் பதில் எழுதுவது அவருக்கு எளிது. 'உங்களைச் சந்திக்க ஆவலாக உள்ளேன்' என்று மட்டும் எழுதினால் பதில் வருவது அரிது. சந்தித்த பிறகு ஒரு வாரத்துக்குள், பேசிய விஷயத்தைக் குறிப்பிட்டு நன்றிக் கடிதம் அனுப்புங்கள்.

படி 7: பணமும் விசாவும்

பயண உதவித்தொகைக்குச் சுருக்கம் ஏற்கப்பட்டால் மட்டும் போதாது. பெரும்பாலும் தனிப் படிவமும் வழிகாட்டியின் கடிதமும் வேண்டும். சுருக்கம் கொடுக்கும் பக்கத்திலேயே 'உதவித்தொகைக்குப் பரிசீலிக்கவும்' என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கக்கூடும். அதைத் தொடாமல் விட்டவருக்கு வாய்ப்பே இல்லை. உதவித்தொகை கிடைத்தாலும் பல சங்கங்கள் மாநாடு முடிந்த பிறகு ரசீதைப் பார்த்துத்தான் பணம் தரும். அதுவரை கைப்பணம் வேண்டும். முன்பணம் தர முடியுமா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். விமானத்தில் ஏறத் தரும் அட்டையையும் (போர்டிங் பாஸ்) விடுதி ரசீதையும் அன்றன்றே படம் எடுத்து வையுங்கள்.

ஏற்புக் கடிதம் வந்த நாளே விசா அழைப்புக் கடிதத்துக்கு எழுதிவிடுங்கள். தூதரகத்தில் நேர்காணல் தேதி கிடைக்கவே மாதக்கணக்கில் ஆகும் இடங்கள் இருக்கின்றன. விசா மறுக்கப்பட்டால் பதிவுக் கட்டணம் திரும்புமா, போஸ்டரை உடன் ஆசிரியர் வைக்கலாமா, இணையவழியில் தரலாமா என்ற மூன்றையும் பணம் கட்டும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

போலிகளைப் பற்றி

ஒரு கட்டுரை வெளியானதும் 'உலக முதுமை மாநாடு' என்ற வகையில் அழைப்புகள் குவியும். உண்மையான சங்கத்தின் பெயரில் ஒரே ஒரு சொல்லை மாற்றி வைத்திருப்பார்கள். சுருக்கம் அனுப்பிய மறுநாளே 'ஏற்கப்பட்டது' என்று வந்தால் யாரும் படிக்கவில்லை என்று பொருள். முதுமை, பல் மருத்துவம், ஊட்டச்சத்து, மகப்பேறு எல்லாம் ஒரே அறையில் நடக்கும் என்றால் விலகுங்கள். முந்தைய ஆண்டுகளின் முழு நிகழ்ச்சி நிரல் இணையத்தில் கிடைக்கிறதா என்று பாருங்கள். குழுவில் பெயர் போட்டிருக்கும் ஒருவருக்கு நேரடியாக எழுதி, 'நீங்கள் இதில் இருக்கிறீர்களா?' என்று கேளுங்கள். தம் பெயர் அங்கே இருப்பதே தெரியாதவர்கள் உண்டு.

இன்னொரு வகை, 'முதுமை எதிர்ப்பு' என்ற பெயரில் சான்றிதழும் மாத்திரையும் விற்கும் அமைப்புகள். 2002-இல் ஓல்ஷான்ஸ்கி, ஹேஃப்லிக், கார்ன்ஸ் ஆகிய மூப்பு ஆய்வாளர்கள் மூவர் எழுதி, 51 விஞ்ஞானிகள் கையெழுத்திட்ட அறிக்கை ஒன்று, சந்தையில் விற்கப்படும் எதுவும் மனித மூப்பை மெதுவாக்கும் என்று நிறுவப்படவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னது. ஓர் அமைப்பு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று அறிய, அதன் மாநாட்டில் தோல்வியடைந்த சோதனைகளைப் பற்றியும் பேசுகிறார்களா என்று பாருங்கள். வெற்றிக் கதை மட்டுமே நிரம்பிய நிகழ்ச்சி நிரல் விற்பனைக்கானது.

படி 8: இரண்டாம் ஆண்டு

ஒரு சிறிய வேலையைக் கேட்டு வாங்குங்கள். ஆய்வுச் சுருக்கங்களை மதிப்பிடுவது மிக நல்ல தொடக்கம். பத்துப் பதினைந்து சுருக்கங்களை ஒரே மூச்சில் மதிப்பெண் போட்டுப் பார்த்தவர், அடுத்த முறை தம் சுருக்கத்தில் பின்னணியைத் தாமாகவே வெட்டிவிடுவார். ஆர்வக் குழுக்களுக்குச் செயலாளர், மாணவர் பிரதிநிதி போன்ற இடங்களுக்குப் போட்டி பெரிதாக இருக்காது. ஆண்டுக்குச் சில கூட்டங்கள்தான்.

அதன் பிறகு சொந்தமாக ஓர் அமர்வு. 90 நிமிட அமர்வுக்கு நான்கு பேச்சாளர்கள், ஒரு கருத்துரையாளர், ஒரு தலைவர் போதும். ஐந்தாவது பேச்சாளரைச் சேர்க்க ஆசை வரும், வேண்டாம். நால்வருக்கும் 13 நிமிடம் வீதம் 52, ஆள் மாறவும் கோப்பு திறக்கவும் 8, கருத்துரைக்கு 10, மீதி 20 நிமிடம் கேள்விக்கு. நால்வரும் ஒரே ஆய்வகத்தினராக இருந்தால் மதிப்பீட்டாளர்கள் குறை சொல்வார்கள். குறைந்தது மூன்று நிறுவனங்கள், முடிந்தால் இரண்டு துறைகள் இருக்கட்டும். எலியில் தசை இழப்பைப் பார்ப்பவர், மருத்துவமனையில் விழுந்தவர்களைப் பார்ப்பவர், வீட்டுப் பராமரிப்பைப் படிப்பவர், மூவரையும் ஒரே கேள்வியின் கீழ் உட்கார வைக்க முடிவது பல்துறைச் சங்கத்தில்தான். ஆண்டுத் தொடக்கத்தில் கடைசி நாள் என்றால் முந்தைய அக்டோபரிலேயே பேச்சாளர்களுக்கு எழுதுங்கள். டிசம்பருக்குள் நால்வரின் சுருக்கங்களும் கையில் இருக்க வேண்டும். ஒருவர் கடைசி நேரத்தில் கைவிடுவார் என்று எண்ணி ஐந்தாவது பெயர் ஒன்றைத் தனியே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவதாக எழுதுபவரிடம் அவர் மாற்று ஆள் என்பதை முதல் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள்.